புதுப் பற்றரி வாங்க முன்: மோட்டார் சைக்கிளின் சார்ஜ் கோளாறை வீட்டிலேயே பிடிப்பது எப்படி

திறப்பைத் திருப்பி ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தினால் ‘டக டக’ என்ற சத்தம் மட்டும் வருகிறது. ஹோர்ன் முனகுகிறது. சிக்னல் லைட் மினுங்காமல் மங்கலாக எரிந்தபடியே நிற்கிறது. இதில் ஒன்றைக் கண்டவுடன் பலர் நேரே கடைக்குப் போய்ப் புதுப் பற்றரி வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். இரண்டு மாதத்தில் அதுவும் இறங்குகிறது. ஓடும் பைக்கில் மின்சாரத்தை உண்டாக்குவது எஞ்சினுக்குள் இருக்கும் கொயில். அதை ஒருதிசையாக்கி, அளவாக்கிப் பற்றரிக்கு அனுப்புவது ரெகுலேட்டர். இவற்றுக்கும் பற்றரிக்கும் இடையில் வயர், கப்ளர் (வயர்களை ஒன்றோடொன்று சேர்க்கும் பிளாஸ்ரிக் சொருகி), ஃபியூஸ், ஏர்த் (சேசி வழியாகப் பற்றரியின் − முனைக்குத் திரும்பும் வழி). இதில் எந்த இடம் பழுதானாலும் முதலில் படுத்துவிடுவது பற்றரிதான், அதனால் பழியும் அதன்மேல்தான் விழுகிறது.

திருகோணமலையில் இந்த இணைப்புகளைக் கெடுப்பதில் முதலிடம் உப்புக்குத்தான். உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி எனக் கரையோரமாக ஓடும் பைக்கிலும், கிண்ணியா, மூதூர்ப் பக்கம் பின்னால் மீன் பெட்டி கட்டி ஓடும் பைக்கிலும் கப்ளரைத் திறந்து பாருங்கள்: பித்தளைப் பின் பச்சை பிடித்திருக்கும், ஏர்த் போல்ற்றைச் சுற்றிக் கறள் ஏறியிருக்கும். மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர் கடல் காற்றைவிட மோசம். அது சீற்றுக்குக் கீழே வயர் கட்டிலேயே நேராக இறங்குகிறது. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்ததால், இன்று ஓடும் பைக்குகளில் நிறைய வண்டிகளின் வயர்களும் வயதானவை. எனவே இங்கே பற்றரியை மாற்றுவது கடைசி வேலையாக இருக்கட்டும். முதல் வேலை அளப்பது.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு டிஜிற்றல் மல்ரி மீற்றர் போதும், விலை கூடியது தேவையில்லை. ஆனால் மலிவு மீற்றரில் மூன்று விடயங்களைக் கவனியுங்கள். அதன் உள்ளே இருக்கும் 9 வோல்ற் பற்றரி இறங்கிவிட்டால் காட்டும் எண் உண்மையைவிடக் கூடிவிடும். எனவே திரையில் பற்றரிக் குறி வந்தால் முதலில் அதை மாற்றுங்கள். இரண்டாவது, ஓம் அளக்கும்போது இரண்டு ஊசிகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.3, 0.5 என்று ஏதாவது காட்டும். அது மீற்றர் வயரின் சொந்தத் தடை, பின்னர் வரும் அளவிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். மூன்றாவது, எஞ்சின் ஓடும்போது மீற்றரைப் பிளக் வயருக்குப் பக்கத்தில் வைத்தால் எண்கள் தாறுமாறாகத் துள்ளும். தள்ளி வையுங்கள்.

இதோடு 10ஆம் நம்பர் ஸ்பனர், ஸ்குரூ டிரைவர், பழைய பல் துலக்கும் பிரஷ், மெல்லிய அரத்தாள், அப்பச்சோடா, வஸ்லின், கையுறை, கண்ணாடி. பற்றரிக்குள் இருப்பது கந்தக அமிலம். தோலில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் கழுவியபடியே ஆஸ்பத்திரிக்கு ஆயத்தமாகுங்கள்.

பற்றரியைக் கழற்றும்போது முதலில் கறுப்பு (−), பிறகு சிவப்பு (+). பூட்டும்போது முதலில் சிவப்பு, கடைசியாகக் கறுப்பு. காரணம் எளிது: கறுப்பு இணைந்திருக்கும்போது சிவப்பு முனையைத் திருகும் ஸ்பனர் சேசியில் முட்டினால் அதுவே நேரடிச் சோட். கறுப்பை முதலில் எடுத்துவிட்டால் முட்டினாலும் ஒன்றும் நடக்காது.

பற்றரி எந்த நிலையில் இருக்கிறது

ஓடி வந்தவுடன் அளக்க வேண்டாம். சார்ஜ் ஏறிய சூட்டில் எண் உயர்வாகக் காட்டும். இரவு முழுக்க நின்ற பைக்கைக் காலையில் அளப்பது நல்லது. மீற்றரை டிசி 20 வோல்ற்றுக்குத் திருப்புங்கள் (நேர்கோடும் அதன் கீழ் புள்ளிக்கோடும் உள்ள பக்கம்). ஊசியைப் போல்ற்றில் வைக்காமல் பற்றரியின் ஈய முனையிலேயே வையுங்கள்.

12.7 அல்லது மேல்: நிறைவு. தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத சீல் வகையில் 12.8 முதல் 13.0 வரை வரும்.
12.4: முக்கால்வாசி.
12.2: பாதி.
12.0: கால்வாசி.
11.8க்குக் கீழ்: காலி.

10.5 பக்கமாக வந்து, சார்ஜ் போட்டும் ஏறாமல் அங்கேயே நின்றால் அதற்குத் தனி அர்த்தம் உண்டு. 12 வோல்ற் பற்றரிக்குள் ஆறு அறைகள், ஒவ்வொன்றும் சுமார் 2.1 வோல்ற். ஒன்று உள்ளுக்குள் சோட் ஆகிவிட்டால் மிஞ்சுவது 10.5. அந்தப் பற்றரியை எதுவும் காப்பாற்றாது.

நின்றபடி அளந்த எண் மட்டும் போதாது. வேலை கொடுத்துப் பார்க்க வேண்டும். செல்ஃப் ஸ்டார்ட் உள்ள பைக்கில் மீற்றரை முனைகளில் பிடித்தபடி மூன்று விநாடி ஸ்டார்ட்டரை அழுத்துங்கள். 10 வோல்ற்றுக்கு மேல் நின்றால் நல்லது, 9.6க்குக் கீழே விழுந்தால் பற்றரி பலவீனம் அல்லது போதிய சார்ஜ் இல்லை. கிக் மட்டும் உள்ள சின்ன பைக்கில் திறப்பைப் போட்டு, பிரேக் லைட்டை எரிய விட்டு, ஹோர்னைச் சில விநாடி அடியுங்கள். எண் ஒரு முறை இறங்கி அங்கேயே நின்றால் பரவாயில்லை. 12ஐத் தாண்டிக் கீழே சரிந்துகொண்டே போனால் பற்றரியில் பிடிப்பு இல்லை. நின்ற நிலையில் 12.6 காட்டிவிட்டு லைட் போட்டவுடன் ஒன்று இரண்டுக்கு விழுந்துவிடுகிறதா? பற்றரிக்குள் தட்டுகளை இணைக்கும் ஈயப் பாலம் உடைந்திருக்கிறது, அல்லது முனை இணைப்பு போய்விட்டது. முனையைத் துப்புரவாக்கி மறுபடி பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

ஸ்டார்ட்டர் சத்தமே நிறையச் சொல்லும். ‘டக டக டக’ என்று வேகமாக அடித்தால் வோல்ற்றளவு போதவில்லை. ஒரேயொரு ‘டக்’ வந்து நின்றுவிட்டால் ரிலேயின் உள் முனைகள், ஸ்டார்ட்டர் மோட்டரின் கரித் துண்டுகள், எஞ்சின் ஏர்த் ஆகிய மூன்றில் ஒன்று. சத்தமே இல்லை, ஆனால் லைட் பளிச்சென்று எரிகிறது என்றால் பற்றரியை விட்டுவிட்டு கிளச் சுவிட்ச், சைட் ஸ்டாண்ட் சுவிட்ச், பொத்தான் பக்கம் பாருங்கள்.

முனைகளைக் கழுவுவது

முனையில் வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ பூத்திருந்தால் ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்து, பிரஷ்ஷால் தேயுங்கள். நுரைப்பது நின்றால் அமிலம் போய்விட்டது. தண்ணீர் ஊற்றும் வகைப் பற்றரியாக இருந்தால் ஆறு மூடிகளும் இறுக்கமாக இருக்கின்றனவா, காற்றுக் குழாய்த் துவாரம் மறைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு துளி சோடா உள்ளே போனாலும் அது அமிலத்தைக் கெடுக்கும். பிறகு நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்துக் காயவிட்டு, அரத்தாளால் ஈயம் மினுங்கும் வரை லேசாகத் தேயுங்கள். இறுக்கிப் பூட்டிய பின்னரே மேலே வஸ்லின் பூச வேண்டும். பூசிவிட்டுப் பூட்டினால் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவில் கொழுப்பு நிற்கும்.

ஃபியூஸையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். கம்பி அறாமல் இருந்தும் கால்கள் கறள் பிடித்திருக்கலாம், அது போதும் சார்ஜை மறிக்க. ஃபியூஸ் போன இடத்தில் செப்புக் கம்பியைச் சுற்றிவிடும் பழக்கம் வேண்டவே வேண்டாம். அடுத்த சோட்டில் ஃபியூஸுக்குப் பதிலாக வயர் கட்டே எரியும், பெற்றோல் தாங்கிக்கு நேர் கீழே.

சார்ஜ் ஏறுகிறதா

இந்தச் சோதனைக்கு முன்பு பற்றரி குறைந்தது 12.4 ஆவது இருக்க வேண்டும். காலிப் பற்றரியோடு சோதித்தால் அது வருவதையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு எண்ணைக் கீழே இழுத்து, நல்ல ரெகுலேட்டரையும் கெட்டது போலக் காட்டும்.

எஞ்சினை இரண்டு நிமிடம் சூடாக்கி, மீற்றரை முனைகளில் பிடித்து, மெதுவாக அக்சிலேற்றரைத் திருகுங்கள். ஐட்லிங்கில் 13க்குக் கிட்ட நிற்கும் எண், நிமிடத்துக்கு 4,000–5,000 சுற்றில் (சுற்றுக் காட்டும் மீற்றர் இல்லாத பைக்கில் மூன்றாம் கியரில் 45 கிலோமீற்றர் ஓடும்போது கேட்கும் சத்தம் என்று வையுங்கள்) 13.8 முதல் 14.8 வரை வந்து, அதற்கு மேல் எவ்வளவு திருகினாலும் அங்கேயே பிடித்து நிற்க வேண்டும். அப்படி நின்றால் சார்ஜ் பகுதி நலம். பற்றரி பழையதா, நின்றபடி மின்சாரம் கசிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

திருகத் திருக எண் அசையாமல் 12.5, 12.3 என்றே இருந்தால் அல்லது இறங்கினால், சார்ஜ் வரவில்லை. 13.2, 13.4 என்று அரைகுறையாக ஏறினால் வழியில் எங்கோ விரயமாகிறது, அல்லது மூன்று கொயில்களில் ஒன்று வேலை செய்யவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது. அந்தப் பற்றரியில் தண்ணீர் விரைவாகக் குறையும், பக்கங்கள் உப்பும், அழுகிய முட்டை வாடை வரும், பல்புகள் அடிக்கடி போகும். அப்படிப்பட்ட பைக்கைத் தொடர்ந்து ஓட்ட வேண்டாம்.

ஒரு விடயத்தில் பலர் தடுமாறுகிறார்கள். கிக் அடிக்கும் பல சின்ன 100 சிசி பைக்குகளில் முன் லைட் பற்றரியிலிருந்து எரிவதில்லை, கொயிலிலிருந்து நேராக ஏசியாக (ஒருதிசையாக்காத மின்சாரமாக) வருகிறது. ஐட்லிங்கில் லைட் மங்கி, அக்சிலேற்றர் திருகினால் பிரகாசிப்பது அந்த வகையில் இயல்பு. அதைப் பார்த்துப் பற்றரி போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது. எஞ்சினை நிறுத்தித் திறப்பை மட்டும் போட்டுப் பாருங்கள்: முன் லைட் எரியாவிட்டால் உங்களுடையது பெரும்பாலும் இந்த வகை. இதில் ஹோர்ன், சிக்னல், பிரேக் லைட் மட்டுமே பற்றரியின் பொறுப்பு. சார்ஜும் அரை அலையாக (ஏசியின் ஒரு பாதி மட்டும்) வருவதால் மீற்றர் எண் சற்று ஆடும், சராசரியைப் பாருங்கள்.

இன்னொன்று. எஞ்சின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றி, ‘ஓஃப் ஆகவில்லை, சார்ஜ் நல்லம்’ என்று சொல்லும் சோதனையை யாரையும் உங்கள் பைக்கில் செய்ய விடாதீர்கள். வோல்ற்றைத் தாங்கிப் பிடிக்கும் பற்றரி விலகியவுடன் ரெகுலேட்டரிலிருந்து மேலே துள்ளும் வோல்ற் பல்ப், சிடிஐ (பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் பெட்டி), ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) எதையும் எரிக்கலாம். பெற்றோல் இன்ஜெக்சன் பைக்கில் அதன் விலை மிகப் பெரியது.

விரயம் எங்கே: பெரும்பாலான கோளாறுகள் பிடிபடும் சோதனை

கரையோரப் பைக்கில் அரைகுறைச் சார்ஜுக்குக் காரணம் தேடும்போது, கொயிலைத் தொடும் முன் இதைச் செய்யுங்கள். எதையும் கழற்ற வேண்டியதில்லை, ஐந்து நிமிட வேலை. பல கராஜ்களில் இதைச் செய்யாமலேயே ரெகுலேட்டரை மாற்றிவிடுகிறார்கள்.

மீற்றர் அதே டிசி 20இல். எஞ்சின் நடுச் சுற்றில், முன் லைட் எரியட்டும். ஒரு ஊசியை ரெகுலேட்டரிலிருந்து வெளிவரும் சிவப்பு வயரின் கப்ளர் பின்பக்கத்தில் செருகுங்கள், மற்றதைப் பற்றரியின் + முனையில் வையுங்கள். இப்போது மீற்றர் காட்டுவது அந்த வழியில் தொலையும் வோல்ற். 0.2 வரை சரி. 0.5 வந்தால் கப்ளரையோ ஃபியூஸ் பிடியையோ பார்க்க வேண்டும். அடுத்து ஏர்த் பக்கம்: ஒரு ஊசி பற்றரியின் − முனையில், மற்றது ரெகுலேட்டரின் ஏர்த் வயரில் (ஹொண்டாவில் பச்சை, யமஹாவில் கறுப்பு. ஏர்த் வயர் இல்லாவிட்டால் அதன் உடம்பில்). இங்கும் 0.2க்கு மேல் வரக் கூடாது.

ரெகுலேட்டர் 14.4 அனுப்புகிறது, சிவப்பு வழியில் 0.7, ஏர்த் வழியில் 0.5 தொலைகிறது என்று வையுங்கள். பற்றரிக்குக் கிடைப்பது 13.2. பைக் ஓடும், லைட் எரியும், எல்லாம் சரி போலத்தான் தெரியும். ஆனால் பற்றரி ஒருநாளும் நிறையாது. நிறையாத பற்றரியின் தட்டில் ஈய சல்பேற்று இறுகிப் படிந்து, அதன் கொள்ளளவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். புதுப் பற்றரி மாதக்கணக்கில் சாவது இப்படித்தான்.

கப்ளர் உருகுவதும் இதே கதைதான். பச்சை பிடித்த ஒரு பின்னில் வெறும் 0.2 ஓம் தடை சேர்ந்து, அதன் வழியே 8 அம்பியர் ஓடினால் 1.6 வோல்ற் தொலையும், அந்த ஒரு பின்னில் கிட்டத்தட்ட 13 வாற் வெப்பம் பிறக்கும். பிளாஸ்ரிக் பழுப்பாகும், பின் தளரும், தடை இன்னும் கூடும். வெள்ளைக் கப்ளர் மஞ்சளோ பழுப்போ ஆகியிருந்தால் அளக்காமலே அதைச் சந்தேகிக்கலாம்.

ஸ்டார்ட்டர் பக்கத்தையும் இதே முறையில் பிடிக்கலாம். பற்றரியின் − முனைக்கும் எஞ்சின் உடம்பின் சுத்தமான அலுமினியப் பகுதிக்கும் ஊசிகளை வைத்து ஸ்டார்ட்டரை அழுத்துங்கள். 0.3க்கு மேல் காட்டினால் ஏர்த் கேபிளின் இரு முனைகளையும் கழற்றி, அடியில் உள்ள பெயின்றையும் கறளையும் உலோகம் தெரியும் வரை தேய்த்துப் பூட்டுங்கள்.

கப்ளரைத் துப்புரவாக்க வெறுமனே எண்ணெய் ஸ்பிரே அடித்தால் போதாது. கறுப்பு முனையைக் கழற்றிவிட்டு, கப்ளரைப் பிரித்து, பின்களை அரத்தாள் துண்டாலும் கொன்ராக்ட் கிளீனராலும் தேயுங்கள். தளர்ந்த பெண் பின்னை மெல்லிய ஊசியால் நெருக்கி, பூட்டியபின் இழுத்தால் இறுக்கம் தெரிய வேண்டும். கடைசியாகச் சிலிக்கன் கிரீஸ் அல்லது வஸ்லின் கொஞ்சம். வயர் பின்னோடு சேரும் இடத்தில் தோலைச் சற்று உரித்துப் பாருங்கள். செப்பு கறுத்திருந்தால் உப்புத் தண்ணீர் தோலுக்குள்ளாகவே ஏறியிருக்கிறது. சிவந்த செப்பு தெரியும் வரை வெட்டி, புதுத் துண்டு சேர்த்து, ஈயம் பற்றவைத்து, சுருங்கும் குழாய் போட வேண்டும். கறுத்த செப்பில் ஈயம் பிடிக்காது. கையால் முறுக்கி ரேப் சுற்றுவது இந்த ஊர் காற்றில் ஒரு வாடைக்காலம் தாங்காது.

கொயில்

வழியெல்லாம் சுத்தம், இருந்தும் சார்ஜ் இல்லை என்றால் எஞ்சின் பக்கமிருந்து ரெகுலேட்டருக்கு வரும் கப்ளரைப் பிரியுங்கள். மூன்று மஞ்சள் (சிலவற்றில் மூன்றும் ஒரே வேறு நிறம்) வயர் வந்தால் அது மூன்று கட்டக் (த்ரீ ஃபேஸ்) கொயில்.

எஞ்சின் நின்றிருக்க, ஓம் 200இல் மூன்றையும் இரண்டிரண்டாக அளங்கள்: ஒன்று–இரண்டு, இரண்டு–மூன்று, ஒன்று–மூன்று. மீற்றர் வயரின் தடையைக் கழித்தபின் பொதுவாக 0.1 முதல் 1 ஓம் வரை வரும். சரியான எண்ணைவிட மூன்றும் ஒன்றாக இருப்பதே முக்கியம். பின்பு ஒவ்வொரு வயருக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையில் அளங்கள். மீற்றர் ‘1’ அல்லது ‘ஓஎல்’ என்று, தொடர்பே இல்லை எனக் காட்ட வேண்டும். ஏதாவது எண் வந்தால் கொயிலின் பூச்சு எரிந்து உடம்பைத் தொடுகிறது.

ஓம் சரியாக வந்தும் சூடானபின் செயலிழக்கும் கொயில்கள் உண்டு. அதனால் ஓடவிட்டும் பாருங்கள். மீற்றரை ஏசி 200க்குத் திருப்பி, கப்ளர் பிரிந்தபடியே எஞ்சினை ஸ்டார்ட் செய்து, மூன்று சோடிகளையும் அளங்கள். சுற்று ஏற ஏற எண்ணும் சீராக ஏற வேண்டும். பல பைக்குகளில் நடுச் சுற்றில் 40–50ஐத் தாண்டும், மாடலுக்கு மாடல் மாறும். மறுபடியும், மூன்றும் சமமா என்பதே கேள்வி. எஞ்சின் ஓடும்போது அந்தப் பின்களைக் கையால் தொட வேண்டாம்.

அரை அலை வகைச் சின்ன பைக்கில் கொயிலின் ஒரு முனை உடம்போடேயே இணைந்திருக்கும். அதில் உடம்புக்குத் தொடர்பு காட்டுவது கோளாறு அல்ல. இதைத் தெரியாமல் நல்ல கொயிலை எறிந்துவிடக் கூடாது.

கொயில் போயிருந்தால் வீட்டு வேலை அங்கே முடிகிறது. பக்க மூடியைக் கழற்ற எஞ்சின் ஒயில் வடிக்க வேண்டும், புதுக் கேஸ்கற் வேண்டும், சில வண்டிகளில் மெக்னற்றைக் கழற்றத் தனிப் புல்லரும் வேண்டும்.

ரெகுலேட்டர்

கொயில் நலம், வழி நலம், சார்ஜ் இல்லை: மிஞ்சுவது ரெகுலேட்டர். மீற்றரின் டயோட் (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு) நிலையில் ஒவ்வொரு கொயில் பின்னிலிருந்தும் சிவப்பு பின்னுக்கு ஒரு திசையில் 0.4–0.7, மறு திசையில் தொடர்பு இல்லை என்று வர வேண்டும். இரண்டு திசையிலும் எண் வந்தால் உள்ளே சோட். ஆனால் இந்தச் சோதனையில் தேறியும் கெட்டிருக்கக் கூடியது ரெகுலேட்டர். அதனால் நண்பரின் அதே மாடல் பைக்கிலிருந்து ஒன்றைப் பூட்டிப் பார்ப்பதே நம்பகமான வழி. கப்ளர் பொருந்துகிறது என்பதற்காக வேறு மாடலுடையதைப் பூட்டாதீர்கள். ஒரு கட்டமும் மூன்று கட்டமும் வேறு, பின் ஒழுங்கும் மாறும்.

15க்கு மேல் ஏறும் கோளாறில் ரெகுலேட்டர் வாங்க முன் ஒன்று பாருங்கள். சில மாடல்களில் ரெகுலேட்டர் பற்றரியின் வோல்ற்றைத் தனி வயர் வழியாக, திறப்புச் சுவிட்ச்சின் ஊடாக உணர்கிறது. அந்தச் சுவிட்ச்சில் கறள் ஏறி ஒரு வோல்ற் தொலைந்தால், பற்றரி இன்னும் இறங்கியிருக்கிறது என்று நினைத்து அது கூடுதலாக அனுப்பும். திறப்புச் சுவிட்ச்சைத் துப்புரவாக்கினாலே சரியாகிவிடும்.

புதியதைப் பூட்டும்போது செதில்கள் காற்றுப் படும்படி இருக்கட்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வீதியே அனலாக இருக்கும்போது, சேறு அப்பிய ரெகுலேட்டர் சூட்டில் வேகமாகப் போகும்.

நின்றபடி இறங்கும் சார்ஜ்

ஓடும்போது 14.3, பற்றரியும் நல்லது, ஆனால் நான்கு நாள் நிறுத்தினால் ஸ்டார்ட் இல்லை. இது கசிவு.

1. திறப்பை எடுத்துவிட்டு, பற்றரியின் கறுப்பு வயரை மட்டும் கழற்றுங்கள்.
2. மீற்றரின் சிவப்பு வயரை 10 அம்பியர் துவாரத்தில் செருகி, நிலையையும் 10க்குத் திருப்புங்கள். ஒரு ஊசி கழற்றிய வயரில், மற்றது பற்றரியின் − முனையில்.
3. 10 அம்பியர் நிலையில் 0.00 காட்டினால் சிவப்பு வயரின் துவாரத்தையும் மாற்றி, மில்லி அம்பியர் நிலைக்கு இறங்கி மறுபடி அளங்கள்.
4. இந்த நிலையில் திறப்பைப் போடவோ ஸ்டார்ட்டரை அழுத்தவோ கூடாது. மீற்றர் எரியும்.

சாதாரண பைக்கில் 1 மில்லி அம்பியர் பக்கமாக வந்தால் நல்லது. வேகத்தை டிஜிற்றல் மீற்றரில் காட்டும் வண்டியில் சற்றுக் கூடலாம். 20 வந்தால் கணக்குப் பாருங்கள்: 5 அம்பியர்-மணி கொள்ளளவுள்ள பற்றரி 250 மணித்தியாலத்தில், அதாவது பத்து நாளில் முழுக்கக் காலி. ஸ்டார்ட் ஆகாத நிலை அதற்கு வெகு முன்பே வந்துவிடும்.

மீற்றரைப் பார்த்தபடியே ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்: முதலில் அலாரம், ஜிபிஎஸ், போன் சார்ஜர், எல்ஈடி லைட் போன்ற பின்னர் பூட்டியவை, பிறகு ரெகுலேட்டர் கப்ளர், பிறகு திறப்புச் சுவிட்ச். எதைக் கழற்றும்போது எண் விழுகிறதோ அங்கேதான் கசிவு. ரெகுலேட்டரைக் கழற்றியதும் விழுந்தால் அதன் டயோட் பின்பக்கமாகக் கசிகிறது.

பின்னர் பூட்டிய லைட்டுகளைப் பற்றி ஒரு கணக்கும் தேவை. ஸ்டார்ட்டர் ஒரு முறைக்கு 50 அம்பியர் மூன்று விநாடி இழுத்தாலும் போவது 0.04 அம்பியர்-மணிதான். சில நிமிட ஓட்டத்தில் திரும்ப ஏறிவிடும். ஆனால் 20 வாற் எல்ஈடி சோடி தொடர்ச்சியாக 1.6 அம்பியர் தின்னும். ஐட்லிங்கில் கொயில் தருவதே குறைவு, அதில் இதுவும் சேர்ந்தால் கணக்கு எதிர்மறைக்குப் போகும். கடைத்தெருவில் நின்று நின்று ஊரும் பைக்கில் இப்படிப்பட்ட லைட்டைப் பகலிலும் எரியவிட வேண்டாம்.

சார்ஜ் போடுவதும் தண்ணீர் விடுவதும்

பைக் பற்றரிக்குக் கார் சார்ஜர் எமன். பற்றரியில் எழுதியிருக்கும் அம்பியர்-மணியின் பத்தில் ஒரு பங்கு என்பதே அளவு: 5க்கு அரை அம்பியர், 9க்கு 0.9. காலிப் பற்றரிக்கு 10 மணித்தியாலத்துக்குக் கிட்டத் தேவைப்படும். சீல் வகைக்கு 14.4–14.7இல் தானாக நிறுத்தும் சார்ஜரே வேண்டும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், அடுப்புக்கோ சாமி விளக்குக்கோ பக்கத்தில் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வாயு வரும். கிளிப்புகளை முதலில் முனைகளில் மாட்டி, பிறகு சுவரில் சுவிட்ச் போடுங்கள். எடுக்கும்போது தலைகீழாக. சார்ஜ் முடிந்து ஓர் இரவு விட்டுக் காலையில் அளக்கும்போது 12.4க்குக் கீழே இறங்கியிருந்தால் அந்தப் பற்றரியோடு மினக்கெட வேண்டாம்.

மூடி உள்ள வகையில் தண்ணீர் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்திருந்தால் வடித்த நீர் மட்டும். கரையோரக் கிணற்று நீர் உவர், அதிலுள்ள உப்பு தட்டுகளைக் கெடுக்கும். போத்தலில் விற்கும் குடிநீரிலும் கனிமங்கள் உண்டு, அதுவும் ஆகாது. அமிலமும் விடக் கூடாது: ஆவியாகிப் போனது தண்ணீர்தான், அமிலம் உள்ளேயே இருக்கிறது. தட்டு வெளியே தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால் தட்டு மூடும் மட்டும் விட்டுச் சார்ஜ் போட்டு, பிறகு கோடு வரை நிரப்புங்கள். கச்சான் மாதங்களில் மாதம் ஒரு தடவை பார்க்க வேண்டும், மற்றக் காலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போதும். காற்றுக் குழாய் மடங்காமல் சங்கிலிக்கு அப்பால் கீழே தொங்குகிறதா என்றும் பாருங்கள். அது மேலே விலகியிருந்தால் அமிலம் சேசியை அரிக்கும்.

வாடைக்கால வெள்ளத்தில் சீற் வரை நனைந்த பைக்கைத் திறப்புப் போட்டுச் சோதிக்காதீர்கள். கறுப்பு முனையைக் கழற்றி, கப்ளர்களைப் பிரித்து, உப்பு நீர் பட்டிருந்தால் நல்ல தண்ணீரால் கழுவி, முழுக்கக் காயவிட்டு, அதன் பிறகே இணையுங்கள்.

எல்லாம் பார்த்துப் புதுப் பற்றரிதான் வேண்டும் என்றால், பழையதில் எழுதியிருக்கும் அம்பியர்-மணியும் + முனை இருக்கும் பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். கடையில் அமிலம் ஊற்றிய கையோடு பூட்டித் தந்தால் வாங்க வேண்டாம். ஊற்றி அரை மணித்தியாலமாவது ஊற விட்டு, மேலே சொன்ன பத்தில் ஒரு பங்கு அளவில் முதல் சார்ஜ் போட்ட பிறகே பைக்கில் ஏற்ற வேண்டும். அந்த முதல் சார்ஜில் குறைந்தது, பின்னால் முழுமையாகத் திரும்பி வராது. பழைய பற்றரியின் அமிலத்தை வளவில் ஊற்றாமல், ஈயத்துக்காக அதை எடுத்துக்கொள்ளும் பற்றரிக் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.